வெளிறிப்போன பைபர் படகுக்கு: மாரி முடிந்ததும் செய்ய வேண்டியவை

காரைதீவுக் கரையிலும் இரு பக்கத்துச் சாய்ந்தமருது, நிந்தவூர்க் கரைகளிலும் நிற்கும் பைபர் படகுகளில் பல, 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வந்து சேர்ந்தவை. அவசர அவசரமாக வார்த்துக் கொடுத்த அந்தப் படகுகளில் தரம் குறைந்தவையும் கலந்திருந்தன என்று ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனமே அப்போது சொன்னது. தாக்குப் பிடித்தவை இன்றும் கடலுக்குப் போகின்றன. ஆனால் நீலம் சாம்பலாகிவிட்டது, சிவப்பு ரோசாவாகிவிட்டது. பக்கத்தில் கையை வைத்துத் தடவினால் உள்ளங்கையில் மாப்போல ஒரு பொடி ஒட்டுகிறது.

அது தூசி அல்ல. கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த படகின் உடம்புக்கு மேலே, நிறம் கலந்த ரெசினால் ஒரு தோல் இருக்கிறது. அதற்குப் பெயர் ஜெல்கோட். அதன் தடிப்பு அரை மில்லிமீற்றர் அளவுதான். எழுதும் தாள் ஐந்தை அடுக்கிப் பாருங்கள், விளங்கும். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த ரெசினை மேலிருந்து உடைத்துக்கொண்டே வருகிறது. உடைந்த ரெசின்தான் கையில் ஒட்டும் பொடி. உள்ளே தண்ணீர் ஊறாமல் தடுப்பதும் இந்தத் தோல்தான். ஆகவே இது அழகுக்கான வேலை மட்டும் என்று நினைக்க வேண்டாம். இன்னொன்றும் உண்டு: தேய்த்து மினுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லிமீற்றரிலிருந்துதான் செலவாகிறது. குறைவாகத் தேய்க்க வழி பார்ப்பதே கெட்டித்தனம்.

1. மாதத்தைப் பார்த்து இறங்குங்கள். வாடைக் காலத்தில் படகு எப்படியும் கரையில்தான் கிடக்கிறது, அப்போதே முடித்துவிடலாம் என்று தோன்றும். மழை ஈரத்தில் ஜெல்கோட் ஒழுங்காக இறுகாது, மெழுகும் பிடிக்காது. மழை விட்டு மண் காயும் மாசி, பங்குனிதான் நல்ல காலம். நம் பகுதியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் முற்பகுதியில். சித்திரைப் புத்தாண்டுக்கு முன் மெழுகுப் பூச்சு முடிந்துவிட்டால், பின்னால் வரும் வெயிலுக்கும் கச்சானுக்கும் படகு தயார்.

2. முதலில் கழுவுங்கள், நல்ல தண்ணீரில். கடற்கரைக் கிணறுகள் சிலவற்றில் உப்புச் சாடை இருக்கும். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம், குழாய்த் தண்ணீர் எடுங்கள். வாளித் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம், மெதுவான தும்புத்தடி, அவ்வளவு போதும். மேலிருந்து கீழாகக் கழுவுங்கள். மணல் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பிறகு பொலிஷ் போடும்போது அதுவே கீறல் போடும்.

பாத்திரத் திரவம் பழைய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். இந்த வேலைக்கு அது நல்லது. மெழுகு பூசிய பிறகு அன்றாடம் கழுவும்போது அதைத் தொடாதீர்கள். வாகனம் கழுவும் ஷாம்பூ பாவியுங்கள், இல்லாவிட்டால் வெறும் தண்ணீரே போதும்.

3. நனைத்துப் பார்த்து நிலைமையை அறியுங்கள். கழுவிக் காய்ந்த பக்கத்தில் ஒரு சாண் இடத்தைத் தண்ணீரால் நனையுங்கள். ஈரமாக இருக்கும்வரை பழைய நிறம் ஆழமாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி வெளிறினால், கீழே நல்ல ஜெல்கோட் இருக்கிறது. மேல் பொடியைப் போக்கினால் நிறம் திரும்பும். நனைத்தும் மங்கலாகவே இருந்தால், அல்லது உள்ளே நாரின் பின்னல் நிழலாடினால், தோல் அநேகமாக முடிந்துவிட்டது. அதற்குப் பொலிஷ் வாங்குவது வீண்செலவு. நேரே 16ஆம் குறிப்புக்குப் போங்கள்.

படகின் உண்மையான நிறம் என்னவென்று தெரிய வேண்டுமானால் வெயில் படாத ஓர் இடத்தைத் தேடுங்கள்: இருக்கைப் பலகைக்கு அடியில், விளிம்புக் கட்டைக்குக் கீழே. வார்த்த நாளில் முழுப்படகும் அப்படித்தான் இருந்தது.

4. கறைக்கு ஏற்ற மருந்து. ஆணி, கொழுக்கி, நங்கூரச் சங்கிலி பட்ட இடத்துத் துருக்கறை சவர்க்காரத்துக்குப் போகாது. ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி ஒக்சாலிக் அமிலத் தூளைக் கரைத்து, துணியில் நனைத்துக் கறைமேல் போட்டு, பதினைந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கையுறை கட்டாயம். அது நஞ்சு, மிச்சத்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைக்காதீர்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

என்ஜின் புகை படிந்த பின்பக்கத்துக் கரிக்கு, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு உடனே சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். மீன் இரத்தம் அன்றைக்கே தண்ணீரோடு போய்விடும், மறுநாள் போகாது.

5. இவை வேண்டவே வேண்டாம். கடல் மண்ணும் தேங்காய்ப் பொச்சும் கொண்டு உரசுவது. இரும்பு நார், அதன் துணுக்குகள் ஜெல்கோட்டில் குத்தி நின்று புதிதாகத் துருப்பிடிக்கும். பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒன்றாகப் பாவிப்பது. கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைக்கும். மினுக்கத்துக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் இந்த வரிசையில்தான்: இரண்டு நாள் பளபளப்பு, பிறகு கரைத் தூசி முழுக்க அதில்தான்.

6. வெடிப்புகளை முதலில் அடையுங்கள். மினுக்கம் போடும் ஆசையில் இதைத் தள்ளிப் போடுவார்கள். தேய்த்து மினுக்கும் பசையான கொம்பவுண்ட் வெடிப்புக்குள் புகுந்துவிட்டால் பிறகு எந்த ஜெல்கோட்டும் அதில் ஒட்டாது.

எல்லா வெடிப்பும் ஒன்றல்ல. நட்சத்திரம்போல நாலு பக்கமும் பிரிந்திருந்தால் ஏதோ இடித்திருக்கிறது. என்ஜின் மாட்டும் பின்பலகை ஓரத்தில் வரி வரியாக ஓடினால் அந்த இடம் வளைந்து கொடுக்கிறது என்று அர்த்தம். அதை மேலே பூசி மறைத்தால் ஒரு பருவத்துக்குள் திரும்ப வெடிக்கும். உள்ளே பைபர் மெட் என்னும் கண்ணாடி நார் விரிப்பை வைத்துப் பலப்படுத்தத் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ‘டக்’கென்று கேட்பது நல்லது; சத்தம் தணிந்து ‘தொப்’பென்று கேட்டால் உள்ளே பிரிந்திருக்கிறது, அல்லது ஊறியிருக்கிறது.

சாதாரண வெடிப்பை ஒரு முக்கோணக் கருவியின் முனையால் V வடிவில் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். மயிரிழை வெடிப்பின்மேல் அப்படியே பூசினால் உள்ளே இறங்காது. 80 இலக்க அரத்தாளால் ஓரத்தைச் சொரசொரப்பாக்கி, ஒரு நாள் காயவிட்டு, அசிட்டோன் துணியால் துடைத்து, ஜெல்கோட்டை விளிம்புக்குக் கொஞ்சம் மேலே நிற்குமாறு நிரப்புங்கள். காற்றுப் படும் மேற்பரப்பில் ஜெல்கோட் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும். ‘பிழையான சாமானைத் தந்துவிட்டான்’ என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை அதன்மேல் வழவழப்பாக ஒட்டி, ஓரங்களில் டேப் போடுங்கள். காற்று போகாவிட்டால் இறுகிவிடும். மறுநாள் உரித்துவிட்டுத் தேய்க்கலாம்.

ஜெல்கோட்டின் நிறத்தை வெளிறிய பக்கத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள். வெளிறிய நிறத்துக்கு ஒப்பாகக் கலந்து ஒட்டிவிட்டு, பிறகு படகை மினுக்கினால், ஒட்டுப் போட்ட இடம் மட்டும் வெளிறித் தெரியும். பக்கத்தில் ஓரிடத்தை மினுக்கிப் பார்த்து, அந்த நிறத்துக்குக் கலக்குங்கள்.

7. கார் புட்டி தண்ணீர்மட்டத்துக்குக் கீழே ஆகாது. வாகனத்துக்குப் போடும் புட்டி தண்ணீரை உறிஞ்சும். சில மாதத்தில் ஊதிக் கழன்று வரும்.

8. ஹார்ட்னர் போத்தலுக்குப் பயப்படுங்கள். ஜெல்கோட்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் தண்ணீர்போல் தெளிவாக இருக்கும், அதனால்தான் ஆபத்து. கண்ணில் ஒரு துளி தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். தெறித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டுக் கல்முனை ஆதார வைத்தியசாலைக்கு ஓடுங்கள். கழுவாமல் ஓடாதீர்கள்.

சில கடைகளில் ரெசின், ஊதா நிறக் கோபால்ட், ஹார்ட்னர் மூன்றையும் தனித்தனியாகத் தருவார்கள். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரடியாக ஒன்றுசேர்த்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். இரண்டையும் ஒரே பெட்டியில்கூட வைக்க வேண்டாம்.

அளவுக்கு மருந்துக்கடை ஊசிக்குழாய், ஊசி இல்லாமல். 100 மில்லிலீற்றர் ஜெல்கோட்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிலீற்றர் ஹார்ட்னர். நம் வெயிலுக்குக் கெதியாக இறுகிவிடுகிறதே என்று ஒன்றுக்குக் கீழே குறைக்காதீர்கள். அரைகுறையாக இறுகிய ஜெல்கோட் அடுத்த வருடமே பொடியாகும். அளவைக் குறைப்பதைவிடக் காலை வேளையில், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து முடிப்பது மேல்.

9. அரத்தாள் கடைசி ஆயுதம். வெளிறல் இலேசாக இருந்தால் அரத்தாளே வேண்டாம், நேரே கொம்பவுண்ட். ஒரு முழ இடத்தில் கையால் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால் படகு முழுக்க அதுவே போதும். வராவிட்டால் நனைத்துத் தேய்க்கும் 1000 இலக்கத் தாள். அதற்கும் அசையாத இடத்துக்கு மட்டும் 600 அல்லது 800. பெரிய இலக்கம் மெல்லிய தாள் என்பது பலருக்குத் தெரியும், ஆனாலும் அவசரத்தில் 220ஐ எடுத்துவிடுகிறார்கள். அது பெயின்ட் சுரண்டும் தாள்.

தாளைக் கட்டை ஒன்றில் சுற்றிப் பிடியுங்கள். விரலால் அழுத்தினால் விரல் பட்ட இடம் பள்ளமாகும், அது மினுக்கிய பிறகுதான் தெரியும். தேய்க்குமுன் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். கோடு போனதும் நிறுத்துங்கள், அடுத்த இடத்துக்குப் போங்கள். இலக்கத்தைப் படிப்படியாக ஏற்றி 1500இல் முடியுங்கள். தாளை அலசும் வாளித் தண்ணீர் படகின் நிறத்துக்கு மாறும். அது சரிதான். ஆனால் தேய்க்கும் இடத்தில் நிறம் மெலிந்து கருமையோ நாரோ தெரிந்தால் அந்த நொடியே கையை எடுங்கள். வளைவுகளிலும் விளிம்புகளிலும் ஜெல்கோட் மெல்லிசாக இருப்பது வழக்கம்; அங்கே கொம்பவுண்ட்டோடு நில்லுங்கள்.

ஓ.எஃப்.ஆர்.பி. என்று தொடங்கும் பதிவு இலக்கம் எழுதிய இடத்தை முதலிலேயே டேப் போட்டு மறையுங்கள்.

10. கொம்பவுண்ட் போட மெஷின் உதவும், கிரைண்டர் உதவாது. வாகன வர்ணம் பூசும் கராஜ்களில் உள்ள பஃபிங் மெஷினை வாடகைக்குக் கேட்கலாம். நிமிடத்துக்கு 1,200 முதல் 1,800 சுற்றுப் போதும். நாலு அங்குலக் கிரைண்டரில் கம்பளி மெத்தையை மாட்டி மினுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அது 11,000 சுற்று வேகத்தில் ஓடுவது, ஜெல்கோட்டை எரித்துவிடும்.

இரண்டடிச் சதுரத்தில் கொம்பவுண்ட்டைத் தடவி, மெத்தையை முதலில் மெதுவாக ஓட்டிப் பரப்பிவிட்டு, பிறகு வேகம் கூட்டுங்கள். ஒரே இடத்தில் நிற்க வேண்டாம். காய்ந்து தூளாகுமுன் அந்தச் சதுரத்தை முடித்துத் துடையுங்கள். முதலில் கம்பளி மெத்தை, பிறகு ஸ்பொஞ்ச் மெத்தையில் மென்மையான பொலிஷ். மெஷின் கிடைக்காவிட்டால் பழைய மருதமுனைச் சாரன் துணி கைவசம் இருக்குமே. துவைத்துத் துவைத்து மென்மையான அந்தக் கைத்தறிப் பருத்தி இதற்கு மிக நல்லது. தோள் வலிக்கும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

11. வெயிலில் வைத்து வேலை செய்யாதீர்கள். வெயில் குடித்த படகில் கொம்பவுண்ட்டும் மெழுகும் தடவிய மறுகணம் காய்ந்து பிடித்துக்கொள்ளும். தென்னை நிழல் உள்ள பக்கத்தை முதலில் முடித்து, நிழல் நகர நகர நீங்களும் நகருங்கள்.

12. மெழுகு இல்லாமல் மினுக்கம் நிலைக்காது. தேய்த்துத் திறந்த ஜெல்கோட்டை மூடாமல் விட்டால் பழையபடி வெளிற அதிக நாள் எடுக்காது. கார்னோபா மெழுகு உள்ள வாகன மெழுகோ படகு மெழுகோ வாங்கி, மெல்லிசாக ஒருமுறை பூசி, மங்கலானதும் துடைத்து, மறுநாள் இன்னொருமுறை பூசுங்கள். தடிப்பாக அப்புவதில் பயனில்லை. மிச்சம் துணியோடுதான் போகும். எத்தனை மாதம் தாங்கும் என்று டின்னில் எழுதியிருப்பது குளிர்நாட்டுக் கணக்கு. இங்கே மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்: தண்ணீர் தெளித்தால் மணிமணியாக உருள வேண்டும், படிந்து பரவினால் மெழுகு போய்விட்டது.

13. காலடி படும் இடத்தில் மெழுகு பூசாதீர்கள். நின்று வலை இழுக்கும் பலகை, ஏறி இறங்கும் விளிம்பு, உள்தளம் எதிலும் வேண்டாம். மீன் சளியும் கடல்நீரும் சேர்ந்தால் கால் நிற்காது. விழுபவர் கடலுக்குள்தான் விழுவார்.

14. சிலிக்கன் கலந்த பொலிஷை யோசித்து வாங்குங்கள். பளபளப்புக்குக் குறைவில்லை. ஆனால் பின்னொரு நாள் அந்த இடத்தில் ஜெல்கோட் ஒட்டவோ பெயின்ட் பூசவோ நேர்ந்தால், பூச்சு குழி குழியாக விலகி நிற்கும். டயர், டாஷ்போர்டுக்கு விற்கும் ஸ்பிரேக்கள் பெரும்பாலும் இந்த வகை.

15. அடிப்பாகத்துக்கும் விளிம்புக்கும் வேறு நியாயம். நம் படகுகள் துறைமுகத்தில் கட்டி நிற்பவை அல்ல, மணலில் இழுத்து ஏற்றுபவை. அடிக்கட்டையில் மினுக்கம் ஒரு நாளும் நிற்காது. அங்கே பொலிஷுக்குச் செலவிடும் காசைப் பைபர் மெட்டுக்குச் செலவிடுங்கள். ஜெல்கோட் தேய்ந்து நார் வெளியே தெரிந்தால் தண்ணீர் நாரோடு ஊர்ந்து உள்ளே போகும். பருவத்துக்கு முன் அடிக்கட்டை நெடுக இரண்டு மூன்று மெட் பட்டி போட்டுவிட்டால் தேய்வது அந்தப் பட்டிதான். இழுக்கும் உருளைக் கட்டைகளில் ஆணித்தலை நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

விளிம்பைத் தின்பது வலையின் ஈயக்குண்டு. ஒன்றரை அங்குல எஸ்லோன் குழாயை நெடுக்காகப் பிளந்து, வலை ஏறி இறங்கும் பக்கத்து விளிம்பில் கவிழ்த்து மாட்டுங்கள். தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், குழாய் மலிவு. பக்கத்துப் படகோடு உரசாமல் தொங்கவிடும் டயருக்கு உரப்பை ஒன்றைச் சுற்றிக் கட்டினால் கறுப்புத் தழும்பு விழாது.

16. தோல் முடிந்துபோன படகுக்குப் பெயின்ட்தான். வருத்தப்பட ஒன்றுமில்லை. முறையாகச் செய்தால் இரு பகுதி எபொக்சி பிரைமரும் அதன்மேல் இரு பகுதி பொலியூரித்தேன் பெயின்ட்டும். செலவு கூடத்தான், ஆனால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எனாமல்தான் முடியுமென்றால் அதையே அடியுங்கள். ஆனால் பழைய மெழுகையும் எண்ணெயையும் தின்னரால் முற்றாகத் துடைத்து, 320 தாளால் தேய்த்து, பிரைமர் போட்ட பிறகு. அவசரத்தில் பொடிமேல் அடித்த எனாமல் பொடியோடு சேர்ந்து தகடு தகடாக உரியும்.

17. கிடுகுப் பந்தலைவிட நல்ல பொலிஷ் இல்லை. இத்தனை குறிப்பிலும் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். படகு கரையில் நிற்கும் நேரம் கடலில் ஓடும் நேரத்தைவிட அதிகம். அந்த நேரமெல்லாம் வெயில் அதைத் தின்றுகொண்டிருக்கிறது. நாலு கம்பு, மேலே கிடுகு. வெளிச்சம் மறையும், காற்று போகும். பிளாஸ்டிக் படங்கு போடுவதானால் வெள்ளை அல்லது வெள்ளி நிறத்தில் எடுங்கள், படகோடு ஒட்டாமல் ஒரு முழம் உயர்த்திக் கட்டுங்கள். இறுக்கி மூடினால் உள்ளே ஆவி தங்கி ஜெல்கோட்டில் கொப்புளம் வரும், கச்சானில் படபடவென்று அடித்து இருக்கும் தோலையும் உரசிவிடும்.

18. முகப்பைத் தூக்கி வையுங்கள், அடைப்பைக் கழற்றி வையுங்கள். பின்பக்கத் துளை வழியே மழைத் தண்ணீர் தானாக வடிந்துவிடும். தேங்கினால் படகுக்கும் கேடு, ஊருக்கும் கேடு. நுளம்புக் குடம்பி வளர ஒரு சிரட்டைத் தண்ணீரே அதிகம். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் படகையும் விட்டுவைக்காது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப் பார்க்குமுன் நீங்களே பாருங்கள். அடைப்பைத் தொலைக்காமல் இருக்க என்ஜின் பிடியில் கட்டிவிடுங்கள். கடலுக்குத் தள்ளும்போது ஞாபகமும் வரும்.

19. மிச்ச ஜெல்கோட்டைச் சேமிக்காதீர்கள். ஹார்ட்னர் சேராவிட்டாலும் நம் சூட்டில் சில மாதத்தில் தானாகவே கூழாகிக் கட்டியாகும். தேவையான அளவே வாங்குங்கள். மிஞ்சினால் திகதி எழுதி, மூடியை இறுக்கி, நிழலான தரையில் வையுங்கள். கலந்து மிஞ்சியதை மூடி வைக்க வேண்டாம், இறுகும்போது கொதிக்கும் அளவுக்குச் சுடும். மணலில் மெல்லிசாக ஊற்றி விட்டு, இறுகிய பிறகு அந்தத் தகட்டைப் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள்.